வகுப்பறையில் அந்நியரா?

"உங்களுக்கு எந்த நாடு?"

மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் மாநிலங்களிலிருந்து பெங்களூருக்கு வந்து ஆசிரியப் பணி செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வீட்டுக்காரர் கேட்கிறார், பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளில் சிலர் கேட்பதுகூட இல்லை. முதுகுக்குப் பின்னால் "சிங்கி" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கடைக்காரர் கேலி செய்தால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆசிரியை அப்படி ஒதுங்க முடியாது. நேற்றுச் சிரித்த அதே பிள்ளைகளுக்கு இன்று பாடம் நடத்தியாக வேண்டும். கண்டித்தால் பெற்றோரின் புகார் வரும்; பொறுத்துக்கொண்டால் மதிப்புப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே தூக்கம் கெடுகிறது. வகுப்புக்குப் போகவே மனம் அஞ்சுகிறது.

இதை ஒருவரின் மனபலக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. 2012 ஆகஸ்டில், வதந்திக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் பெங்களூரிலிருந்து குவஹாத்திக்கு ரயிலேறினார்கள். 2014 ஜனவரியில், டெல்லி லஜ்பத் நகரில் தாக்கப்பட்ட அருணாசலப் பிரதேச மாணவர் நீடோ டானியா உயிரிழந்தார். 2020-ல், இவர்களைக் கொரோனாவின் பெயரால் இழிவுபடுத்துவதைத் தடுக்குமாறு மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத நேர்ந்தது.

நீடோவின் மறைவுக்குப் பின் அமைக்கப்பட்ட பெஸ்பரூவா குழு, இன இழிவுப் பேச்சைத் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவு கேட்டது. வடகிழக்கின் வரலாற்றைப் பாடத்தில் சேர்க்கவும் சொன்னது. ஆனால் 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தத் தனிப்பிரிவு இடம்பெறவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். புகாரைப் பதிவு செய்வதற்கும், பெற்றோரை அழைத்துப் பேசுவதற்கும், நிர்வாகம் ஆசிரியையின் பக்கம் நிற்பதற்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. மனச்சோர்வுக்கு ஆலோசனை கேட்க 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. நம் ஊர் நிம்ஹான்ஸ்தான் அதன் தலைமை மையம். எனினும், கேலியைத் தடுக்காமல் ஆலோசனை மட்டும் சொல்வது, முள்ளை உள்ளே விட்டு மேலே மருந்து பூசுவது போன்றது.

1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, இதே நகரில் அந்நியராக்கப்பட்டவர்கள் நாம். அந்த வலி தெரிந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பிள்ளை, தன் ஆசிரியையை அந்நியராக நினைக்கலாமா? அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு நமக்கு உண்டு.