பூட்டு போட்ட நகல்

போன மாதம் எங்கள் ஓசூர் வீட்டில் ஒரே களேபரம். பேரனின் கேம் கன்சோலில் மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அவன் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளும், ராத்திரி கண்விழித்துத் தாண்டிய கட்டங்களும் அதில்தான். வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரில் மாட்டினால், "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. பையன் "சரி" என்று அழுத்தாதது எங்கள் புண்ணியம். கன்சோல் தன் பாணியில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை கம்ப்யூட்டரால் படிக்க முடியாது; வெற்று டிஸ்க் என்றே எண்ணிக்கொள்ளும்.

கன்சோலையும் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் எஸ்.பி. ரோடு போனோம். கடைக்காரர் ஃபைல் ஃபைலாகத் தேடவில்லை. முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை உள்ளதை உள்ளபடியே இன்னொரு டிஸ்க்கில் இறக்கினார். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கன்சோல் ஏற்றுக்கொண்டது.

நான் சும்மா இருக்கக்கூடாதா? "கன்சோலே கெட்டுப்போனால்?" என்று கேட்டேன்.

"ரெண்டு டிஸ்க்கும் வீண்தான் சார். சாவி இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு" என்றார்.

இது ஒரு கம்பெனியின் வழக்கம் மட்டுமல்ல. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3, தன் டிஸ்க்கில் உள்ளதைத் தனக்கு மட்டுமே புரியும் சங்கேதத்தில் எழுதியது. 2012இல் வந்த வீ யூ ஃபார்மட் செய்த டிஸ்க்கும் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே கட்டுப்படும். இரண்டு பெட்டியும் உயிரோடு இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற வழி உண்டாம். இறந்தவரிடம் கையெழுத்து வாங்கி வா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பதிவேடுகளோடு காலம் தள்ளிய குமாஸ்தா. பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, இறப்புப் பதிவேட்டை இரட்டையாக எழுதி இரண்டு இடத்தில் வைப்பார்கள். அதற்கும் மேலே, 1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர், காலனிகளின் பதிவேடுகளுக்கு நகல் எடுத்து வெர்சாய்க்கு அனுப்ப உத்தரவிட்டார். இன்று அவை எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே கரையான் தின்றாலும் அங்கே தாள் இருக்கும். படிப்பதற்கு எந்த மன்னரின் சாவியும் வேண்டாம். அதற்குப் பெயர்தான் நகல்.

திருட்டைத் தடுக்கத்தானே பூட்டு என்பார்கள். விளையாட்டைப் பூட்டட்டும், ஒத்துக்கொள்கிறேன். பையன் உட்கார்ந்து விளையாடிச் சேர்த்த கணக்கை ஏன் பூட்ட வேண்டும்? அதை யார் திருடப் போகிறார்கள்?

நம் சட்டமும் இவர்கள் பக்கம் முழுதாக இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை முறையாக வைத்திருப்பவர் சேதத்துக்கு முன்னெச்சரிக்கையாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவும், உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. நகல் எடுக்கலாம் என்று சொன்ன சட்டம், சாவியைக் கொடு என்று கம்பெனிக்குச் சொல்ல மறந்துவிட்டது.

நான் கேட்பது பெரிதில்லை. ஒரு மாடலைக் கைகழுவும் நாளில், வாங்கியவருக்கு அவர் டிஸ்க்கின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். 2023 மார்ச்சில் வீ யூவின் இணையக் கடையில் விற்பனை நின்றது. மற்றவையும் ஒருநாள் நிற்கும். பெட்டிகளும் கெட்டுப்போகும்.

"கோப்பி கோன்ஃபோர்ம்" என்று, அசலுக்கு ஒத்த நகல் என்று, எத்தனையோ தாளில் முத்திரை குத்தியவன் நான். பெட்டி செத்தால் சேர்ந்து சாகும் இந்த நகலுக்கு மட்டும் என் முத்திரை கிடையாது.