கண்ணீர் விட்டா மனந்திரும்பியாச்சா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்ட பதிவு இது. பிரசங்கம் பண்றான்னு ஓடிடாதீங்க மக்களே, சொந்தக் கதைதான்.

வருஷா வருஷம் கன்வென்ஷன் கூட்டங்கள்ல அழுதிருக்கேன். கடைசி நாள் ராத்திரி பாட்டு மெதுவாகும்போது முதல் ஆளா முழங்கால் போடறது நான்தான். அழுது முடிச்சு வெளியே வந்தா மனசு லேசாயிடும். அந்த லேசையே மன்னிப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் உள்ளே அப்படியே கிடந்தது. சின்ன வயசுல ஒரு மளிகைக் கடையில கணக்கு எழுதிட்டிருந்தேன். ஒருநாள் அவசரத்துக்கு கல்லாவிலிருந்து 1,800 ரூபாய் எடுத்தேன், ரெண்டு நாள்ல வச்சிடலாம்னு. அதுக்குள்ள கணக்கு பார்த்துட்டாங்க. பழி எடுபிடிப் பையன் மேல விழுந்தது. சம்பளத்துல அதைப் பிடிச்சுக்கிட்டு அவனை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. நான் வாயே திறக்கல.

லூக்கா 19ல வர்ற சகேயு கதை எல்லாருக்கும் தெரியும். எரிகோ ஊரு, குள்ளமான ஆளு, காட்டத்தி மரம்... ஞாயிறு பள்ளியில மரம் ஏறினதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. மரத்தை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் நடந்ததுதான் விஷயமே. அநியாயமா வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்கிறான். ஏமாத்தினவன் தானே ஒத்துக்கிட்டா, முதலோட ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தா போதும்கிறது லேவியராகமம் 6. ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலு மடங்கு, யாத்திராகமம் 22ல இருக்கு. அதாவது சகேயு தனக்குத்தானே திருடன்னு தீர்ப்பு எழுதிக்கிட்டான்!

அப்போ காசு கொடுத்து மன்னிப்பு வாங்கினானான்னு கேப்பீங்க. இல்லைங்க. அவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே இயேசு அவன் வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியாச்சு. மன்னிப்பு முதல்ல வந்தது, கணக்கு தீர்க்கிற தைரியம் அப்புறம்தான் வந்தது.

பணத்தைத் திருப்பிட்டா மட்டும் முடிஞ்சுதா? அதுவும் இல்ல. யூதாஸ் 30 வெள்ளிக்காசைத் திருப்பிட்டான், ஆனா இயேசுகிட்ட திரும்பி வரல. மறுதலிச்சுட்டு அழுத பேதுரு வந்தான். எபிரேயத்துல இதுக்கு வர்ற 'ஷூவ்'ங்கிற சொல்லுக்கே திரும்பி வர்றதுன்னுதான் அர்த்தம். நம்ம மனந்திரும்புதலும் அதேதான். திரும்பணும்னா கால் நகரணும் இல்லையா?

பதினாலு வருஷம் கழிச்சு அந்தத் தம்பியைத் தேடிப் போனேன். டீக்கடை வச்சிருக்கான். கவர்ல 7,200 ரூபாய். எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் கிளாஸ் கழுவிக்கிட்டே இருந்தான். அப்புறம், "காசு கிடக்கட்டும்ணே. எங்கம்மாகிட்ட வந்து இதைச் சொல்லுங்க. அன்னைக்கு அவங்களே என்னை நம்பல" அப்படின்னான்.

போனேன். அந்தம்மா முன்னாடி நின்னு சொன்னேன். கன்வென்ஷன்ல வர்ற கண்ணீர் ஒரு சொட்டு வரல, நாக்குதான் வறண்டு போச்சு. அந்தம்மா என்னைப் பார்க்கவே இல்ல. மகன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

என்னைப் பொறுத்தவரை நான் மனந்திரும்பினது அன்னைக்குத்தான். அழறது தப்புன்னு சொல்லல. அழுது முடிச்சதும் எழுந்து யார் வீட்டுக்குப் போகணும்னு நமக்கே தெரியும். அங்க போகாம வீட்டுக்கு வந்து தூங்கிடறோமே, அதைத்தான் சொல்றேன்.

உங்களுக்கு வேற கருத்து இருந்தா தாராளமா சொல்லுங்க.