கனடா ஐ.டி. சேவைப் பங்குகள்: வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

2021 பிப்ரவரியில் டெலஸ் இன்டர்நேஷனல் ஐபிஓ வந்தபோது ஒரு பங்கின் விலை 25 அமெரிக்க டாலர். கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான டெலஸின் துணை நிறுவனம், வாடிக்கையாளர் பட்டியலில் உலகின் பெரிய டெக் நிறுவனங்கள், போதாக்குறைக்கு ஏஐ வேலை. இதுக்கு மேல என்ன வேணும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். பிறகு பெயர் டெலஸ் டிஜிட்டல் என மாறியது. 2025-ல் தாய் நிறுவனமே மீதிப் பங்குகளை 4.50 டாலருக்கு வாங்கி, சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. ஐபிஓவில் 1,000 டாலர் போட்டுக் கடைசிவரை காத்திருந்தவருக்குத் திரும்பக் கிடைத்தது 180 டாலர்.

அதே கனடாவில், அதே சேவைத் துறையில் இன்னொரு நிறுவனம் சிஜிஐ. 1976-ல் கியூபெக் நகரில் செர்ஜ் கோடின் தொடங்கியது. இன்று மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்டு 90,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுடன் இயங்குகிறது. சென்னையிலும் அலுவலகம் உண்டு. செய்திகளில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: ‘கனடா டெக்’. அந்தப் பெயரை மட்டும் பார்த்துப் பணம் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

‘டெக்’ என்றால் எல்லாம் ஒண்ணா?

டொரன்டோ பங்குச்சந்தையில் வங்கி, எண்ணெய், சுரங்க நிறுவனங்களுக்குத்தான் ஆதிக்கம். பெரிய டெக் நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் டெக் மோகம் வரும்போதெல்லாம் பணம் அந்தச் சிலவற்றில் குவிகிறது. 2000-ல் நார்டெல் என்ற ஒரே நிறுவனம் கனடாவின் முக்கியக் குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தது. 2009 ஜனவரியில் அது திவால் பாதுகாப்பு கோரியது. 2020-ல் ராயல் பேங்க்கையே முந்தி நாட்டின் மதிப்புமிக்க நிறுவனமான ஷாப்பிஃபை, 2022-ல் மட்டும் முக்கால்வாசி மதிப்பை இழந்தது.

ஷாப்பிஃபை விற்பது ஆன்லைன் கடைகளுக்கான மென்பொருள். புதிதாக ஆயிரம் கடைகள் சேர்ந்தால் செலவு பெரிதாக ஏறாது. சிஜிஐ, டெலஸ் டிஜிட்டல் போன்ற சேவை நிறுவனங்கள் விற்பது மனித உழைப்பை. வேலை கூடினால் ஆளும் கூடணும், சம்பளமும் கூடணும். அதனால் இவற்றை அளக்கும் கோலும் வேறு.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. கையில் எவ்வளவு வேலை இருக்கு? கையெழுத்தாகி, இன்னும் செய்து முடிக்காத ஒப்பந்தங்களின் மதிப்பை ‘பேக்லாக்’ என்கிறார்கள். சிஜிஐயின் 2024 நிதியாண்டு வருவாய் சுமார் 1,468 கோடி கனடா டாலர். பேக்லாக் சுமார் 2,870 கோடி. ஏறக்குறைய இரண்டு ஆண்டு வேலை கையில் இருக்கிறது. அதோடு ‘புக்-டு-பில்’ பார்க்கணும். 100 ரூபாய்க்கு பில் போட்ட காலத்தில் எத்தனை ரூபாய்க்குப் புது ஆர்டர் வந்தது என்பதே அது. 100-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால், வேலை வற்றுகிறது என்று அர்த்தம்.

2. பணம் தருவது யார்? சில பெரிய டெக் வாடிக்கையாளர்களை நம்பியிருந்தால், அவர்கள் செலவைக் குறைத்த மறுநாளே வருவாய் ஆட்டம் காணும். டெலஸ் டிஜிட்டலின் பலவீனங்களில் இதுவும் ஒன்று. சிஜிஐக்கு அரசுகள் பெரிய வாடிக்கையாளர்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு கிடையாது. 2025-ல் அமெரிக்க அரசு ஆலோசனை ஒப்பந்தங்களை மறுஆய்வு செய்தபோது அந்தப் பட்டியலில் சிஜிஐயும் இருந்தது. அந்த ஆண்டு அதன் பங்கு விலையும் சரிந்தது.

3. லாபம் ரொக்கமாக வருதா? கணக்கில் லாபம் காட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் பணம் வசூலாகாமல் நிற்பது சேவைத் துறையில் சகஜம். செயல்பாட்டு ரொக்க வரவை நிகர லாபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிஜிஐக்கு 2024-ல் ரொக்க வரவு சுமார் 220 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 169 கோடி. நல்ல அறிகுறி.

4. வளர்ச்சி கடனில் வந்ததா? டெலஸ் இன்டர்நேஷனல் சுமார் 120 கோடி அமெரிக்க டாலருக்கு வில்லோட்ரீ நிறுவனத்தை வாங்கியது. பிறகு லாபம் சுருங்க, கடன் பாரமானது. சிஜிஐயும் 2012-ல் கடன் வாங்கித்தான் பிரிட்டனின் லாஜிகாவை வாங்கியது. ஆனால் கடனை அடைக்க ரொக்கம் வந்துகொண்டே இருந்தது.

இவற்றுக்கு மேல் இரண்டு எச்சரிக்கைகள். சிஜிஐயின் ‘பி’ வகைப் பங்கு ஒன்றுக்கு 10 ஓட்டு, சந்தையில் நாம் வாங்கும் ‘ஏ’ வகைக்கு ஒரே ஓட்டு. கடிவாளம் நிறுவனர் கையில்தான். இரண்டாவது ஏஐ. மணிக்கணக்கில் பில் போடும் தொழிலில், பத்துப் பேர் வேலையை நாலு பேர் முடித்தால் பில்லும் குறையுமே என்ற கேள்விக்கு இத்துறையில் இன்னும் யாரிடமும் முழுமையான பதில் இல்லை.

இந்தியாவிலிருந்து வாங்கினால்?

சிஜிஐ நியூயார்க் சந்தையிலும் பட்டியலாகியுள்ளது. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் விதிப்படி நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். டிவிடெண்டில் 25 சதவீதம் வரை கனடாவிலேயே வரியாகப் பிடிக்கப்படும். அதை இங்கே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு. வருமான வரித் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து விவரத்தைக் காட்ட மறக்கக் கூடாது. பங்கு ஏறினாலும் கனடா டாலர் இறங்கினால் லாபம் கரையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு பில்லிங், ஒப்பந்தம், பெஞ்ச் எல்லாம் அன்றாடம் புழங்கும் வார்த்தைகள். அந்த அனுபவம் பங்கு வாங்கும்போதும் கைகொடுக்கும். அறிக்கையைப் படிக்க ஒரு மாலை நேரம் ஒதுக்க முடியாதென்றால், அந்தப் பங்கைத் தொடாமல் இருப்பதே நல்லது.