ஆச்சியின் மொழி

1983-க்குப் பின்னர் நம் பங்குகளினின்று கனடா சென்று குடியேறியோர் பலர். அவர்கள் பின்னாளில் வரவழைத்துக்கொண்ட பெற்றோருள் சிலர் இன்று தள்ளாமையுற்று, ரொறன்ரோவின் பராமரிப்பு இல்லங்களில் வாழ்கின்றனர். வேளைக்கு உணவுண்டு, மருந்துண்டு. பேச்சுத் துணைதான் அரிது.

மறதி நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழி முன்னதாக நழுவுவதும், பிள்ளைப் பருவத்து மொழி எஞ்சி நிற்பதும் பலரிடம் காணப்படுகின்றன. முப்பதாண்டு ஆங்கிலம் பேசியவரும் "ஒண்டுக்குப் போகவேணும்" என்றே கூப்பிடுவார். தாதிக்கு அது வெறுங்கூச்சல். மீண்டும் மீண்டும் கூப்பிட்டால், 'அமைதியற்றவர்' என்று ஏட்டில் எழுதப்படும். சில வேளை அமைதிப்படுத்தும் மாத்திரையும் வரும். மாத்திரையின் மயக்கத்தில் எழுந்து நடந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தாலோ? ஒரு சொல் விளங்காமைக்கு இத்துணை விலை!

ஞாயிறுதோறும் பார்க்க வரும் பேரனை மொழிபெயர்ப்பாளன் ஆக்குவது எளிது, உசிதமன்று. பேரன் முன்னிலையில் சிறுநீர்க் கோளாற்றை எந்த ஆச்சி சொல்வார்? மகனோ, கசப்பான செய்தியைப் பாதியாகக் குறைத்துவிடுவான். நோய் விபரம், சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை, தொலைபேசி வழியாகவேனும், கேட்டுப் பெறுதல் வேண்டும்.

அன்றாடத் தேவைக்கு ஒரு தாள் போதும். இருபது சொற்களின் தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளையும் குறித்து, கட்டிலருகே ஒட்டிவிடலாம். அகராதிச் சொல் வேண்டா. அவர் வாயில் வரும் சொல்லையே எழுதுக. ஆச்சி "நோகுது" என்பார். தாளில் 'வலி' என்றிருந்தால் பயன் யாது? நோவின் அளவை எண்ணாற் கேட்பதிலும், முகப் படங்களைக் காட்டிக் கேட்பது பலருக்கு எளிது.

ஸ்காபரோவில் சீன சமூகத்தினர் தம் முதியோருக்கென 1994-இல் யீ ஹொங் இல்லத்தைத் திறந்தனர். சொந்த மொழியும் சொந்தச் சமையலும் அங்குண்டு. நாம் பொறாமைப்படத் தக்க காரியந்தான்.

பாவசங்கீர்த்தனம் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்க் குரு கிடையாவிடில் வழியில்லை என்று எண்ண வேண்டா. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 990-ஆம் விதி, மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவங்களை அறிக்கையிட இடந்தருகிறது. அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆயினும் மருமகளை அவ்விடத்தில் இருத்தாதிருப்பது நலம்!

பேச்சுக் குழறியவரும் செபமாலைக்கு மறுமொழி தவறாது சொல்வதுண்டு. தமிழ்ச் செபமாலையைப் பதிவு செய்து கொடுத்து, மாலை ஆறு மணிக்கு ஒலிக்கவிடும்படி அந்தத் தாளின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.