சாவி கைக்கு வரும்வரை யார் பொறுப்பு?

மாதத்தின் கடைசி வாரம். இருக்கும் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. அந்த வீட்டுக்கு அடுத்தவர் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டியாயிற்று, பால் காய்ச்ச நாளும் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில் புது வீட்டுக்காரர் போன் செய்கிறார்: “தம்பி, தப்பா நினைக்காதீங்க. பையன் ஊர்லேருந்து வர்றான், வீடு தர முடியாது. டோக்கன் அட்வான்ஸை இப்பவே அனுப்பிடறேன்.”

சென்னையில் வாடகைக்கு வீடு தேடும் எந்தக் குடும்பத்துக்கும் இது நேரலாம். சில நேரம் பையன் உண்மையிலேயே வருகிறான். சில நேரம் வேறொருவர் மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகத் தர முன்வந்திருப்பார். வரப்போகிறவரின் சாதியோ மதமோ சாப்பாடோ பிறகுதான் தெரியவந்தது என்பதும் சொல்லப்படாத காரணமாக இருக்கலாம்.

டோக்கனைத் திருப்பிக் கொடுத்ததும் கணக்கு தீர்ந்ததாக ஊரே ஏற்றுக்கொள்கிறது. ஆனால், புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகை, வண்டிக்குக் கொடுத்த முன்பணம், வீட்டின் அருகே பார்த்துச் சேர்த்த பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு யார் பதில் சொல்வது? இதே குடும்பம் பின்வாங்கியிருந்தால் டோக்கன் பணம் போயே போயிருக்கும். ஒரே பேச்சு, ஒரே பணம். மீறினால் ஒருவருக்கு மட்டும் நஷ்டம். அநீதி இங்கேதான் இருக்கிறது.

சட்டம் முற்றிலும் மௌனமாக இல்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, குத்தகைக்கு எடுத்தவர் கேட்டால் சொத்தை அவர் வசம் ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. ஆனால், அதே சட்டத்தின் 107ஆவது பிரிவின்படி, வாய்மொழிக் குத்தகை செல்ல வேண்டுமானால் இடத்தையும் ஒப்படைத்திருக்க வேண்டும். டோக்கன் கொடுத்துவிட்டுச் சாவிக்காகக் காத்திருப்பவர் அதனால் இன்னும் குடித்தனக்காரர் ஆகவில்லை. அவருக்கு மிஞ்சுவது சிவில் வழக்குதான். சில ஆயிரம் ரூபாய்க்காக வக்கீல் வைத்து வாய்தா வாய்தாவாக யார் அலைவார்கள்?

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்துபூர்வ ஒப்பந்தம், அதற்குப் பதிவு, வாடகை நீதிமன்றம் என்று பலவற்றை அது கொண்டுவந்தது. குடியேறியவரை எப்போது வெளியேற்றலாம் என்பதை இரண்டு சட்டங்களும் விரிவாகப் பேசுகின்றன. குடியேறவிருப்பவரின் பக்கம் அந்த அளவுக்கு அக்கறை திரும்பவில்லை.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. டோக்கன் வாங்கும்போதே வாடகை, அட்வான்ஸ், சாவி தரும் தேதி ஆகியவை அடங்கிய ஒரு பக்க ரசீதைக் கட்டாயமாக்க வேண்டும். குடிவர இருப்பவர் விலகினால் டோக்கனை இழக்கட்டும். உரிமையாளர் விலகினால் இரு மடங்காகத் திருப்பித் தரட்டும், புரோக்கர் கமிஷனையும் ஏற்கட்டும். பிரான்ஸின் சிவில் சட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தின் முன்பணத்துக்கு இதே ‘இழப்பு அல்லது இரு மடங்கு’ விதி உண்டு. தகராறு வந்தால் புதிய சட்டத்தின் கீழுள்ள வாடகை அதிகாரியே சில வாரங்களில் தீர்க்க வழி செய்ய வேண்டும்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. மாடிப் போர்ஷன் வாடகையை நம்பி மருந்து வாங்கும் முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் திடீர்த் தேவைகள் வரும். விலகும் உரிமையை யாரும் பறிக்க வேண்டாம். விலகுவதால் வரும் செலவை விலகுகிறவர் ஏற்க வேண்டும் என்பதே கோரிக்கை.

அதுவரை, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் பழைய வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லாதீர்கள். டோக்கனை வங்கி வழியாகவே கொடுங்கள். சாவி தரும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். குடிமக்கள் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், சட்டத்தின் இடத்தை அந்த ஜாக்கிரதை நிரப்பிவிடாது. வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு டோக்கன் கைமாறும் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.