ஓர் இருமலும் பன்னிரண்டு சோதனைகளும்

பிளாக் சாபத் குழுவின் ‘ஸ்வீட் லீஃப்’ பாடல் ஓர் இருமலில் தொடங்குகிறது. கிதார் கலைஞர் டோனி அயோமி கஞ்சா புகைத்தபோது வந்த இருமல் அது. அதைப் பதிவுசெய்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பாடலின் தொடக்கமாக்கினார்கள். பாடல் முழுக்கவே கஞ்சாவுக்கு எழுதிய காதல் கடிதம்தான். 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் முதல் பாடல். ‘ஸ்டோனர் மெட்டல்’ என்று பின்னாளில் ஓர் இசை வகையே கிளைக்க இந்த ஆல்பம் வழிவகுத்தது.

ஆய்வேடு எழுதும் இரவுகளில் நான் விரும்பிக் கேட்கும் பாடல் இது. பாடியவர்கள் மேட்டுக்குடிப் பிள்ளைகளும் அல்லர். பர்மிங்காம் நகரின் உழைக்கும் குடும்பங்களில் பிறந்தவர்கள். உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் எந்திரம் அயோமியின் இரண்டு விரல் நுனிகளைப் பறித்தபோது அவருக்கு வயது 17. காயம்பட்ட விரல்களுக்காகத் தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனத்த ஒலியில் அதற்கும் பங்குண்டு. எனவே அவர்கள் புகைத்ததைப் பழிக்க இதை எழுதவில்லை. அந்தப் புகையைப் பாட்டாக்கி விற்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே என் கேள்வி.

அதே காலத்தில் இலண்டன் நாட்டிங் ஹில்லில், டிரினிடாடிலிருந்து வந்த ஃபிராங்க் கிரிச்லோ ‘மாங்குரோவ்’ என்ற உணவகத்தை நடத்திவந்தார். கறுப்பின மக்கள் கூடிப் பேசும் இடம். போதைப்பொருள் இருப்பதாகச் சொல்லி 1969 ஜனவரி முதல் 1970 ஜூலைக்குள் காவல்துறை அங்கே 12 முறை சோதனை போட்டது. ஒருமுறைகூட எதுவும் சிக்கவில்லை. இதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் ஒன்பது பேர்மீது கலவர வழக்குப் பாய்ந்தது. ‘ஸ்வீட் லீஃப்’ வெளியான அதே 1971இன் இறுதியில்தான், கலவரக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரையும் நடுவர் குழு விடுவித்தது.

புகைத்தவரின் இருமல் இசைத்தட்டானது. இல்லாத புகையைத் தேடி உணவகத்துக்குள் போலீஸ் நுழைந்தது.

இது பழங்கதையும் அல்ல. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் 2010இல் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.73 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் கணக்கிட்டது. ராப் பாடகர்களின் வரிகளை நீதிமன்றத்தில் குற்றச் சாட்சியமாக நீட்டும் வழக்கமும் அங்கே உண்டு. அதைக் கட்டுப்படுத்த 2022இல் கலிபோர்னியா தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

செயலைப் பாராமல் ஆளைப் பார்த்து, இது குறும்பு, அது குற்றம் என்று பிரிக்கும் நீதி நமக்குப் புதிதல்ல. சாதியின் நீதியும் அதுதான்.

மெட்டல் கேட்போம், தாராளமாகக் கேட்போம். ஆனால் கஞ்சா இலை அச்சிட்ட டி-சர்ட்டோடு அந்தச் செடிக்கு விடுதலை கேட்கும் தோழர்கள், அதன் பெயரால் சிறைக்குப் போனவர்களின் விடுதலையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.