காரணம் கேட்கப்படாத இருமல்

வங்கியில் நான் உட்காரும் கவுண்ட்டருக்கு மாதத்தில் நாலைந்து பேராவது செத்துப்போனவர்களின் பாஸ்புக்கோடு வருகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். கணக்கில் ஆயிரமோ ரெண்டாயிரமோ கிடக்கும். அதை எடுக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் பெயர் இருக்கும், தேதி இருக்கும், செத்த இடம் இருக்கும். எதனால் செத்தார் என்பது இருக்காது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், பதிவேட்டில் காரணம் எழுதியிருந்தாலும் நகலில் அதைக் காட்டக்கூடாது என்று சொல்லிவைத்தது. செத்தவரின் மானத்தைக் காக்கத்தான் இப்படி என்பார்கள். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அது யாருடைய மானத்தைக் காத்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அயனம்பாக்கம் காலனியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சைக்கிள் மிதித்தே போய்விடலாம். 1960களில் எஸ்டேட் வந்தபோது அடிமை வேலை ஒழிந்தது என்று எங்கள் தாத்தாக்கள் சந்தோஷப்பட்டார்களாம். ஆண்டை வீட்டு வாசலில் நிற்க வேண்டாம், மாசம் பொறந்தா சம்பளம். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு எந்த வேலை என்பதைப் பாருங்கள். ஊர்ப் பையன்கள் ஐ.டி.ஐ. முடித்து லேத்துக்கும் டூல்ரூமுக்கும் போனார்கள். எங்கள் சித்தப்பாவுக்குக் கிடைத்தது ஃபவுண்டரியில் ஃபெட்லிங். வார்த்த இரும்பு ஆறினதும் அதில் ஒட்டியிருக்கிற மணலைத் தட்டி, உடைத்து, கிரைண்டரில் தேய்த்து எடுக்கிற வேலை. காண்ட்ராக்ட்டில் பத்தொன்பது வருசம் செய்தார். முகத்தில் கட்டிக்கொள்ள சித்தியின் பழைய புடவைத் துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. கம்பெனி கொடுத்தது டீ.

பிறகு இருமல். டி.பி. என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று தடவை முழுக் கோர்ஸ். நின்றபாடில்லை. மாத்திரையை ஒழுங்காப் போடலன்னு திட்டு, குடிக்கிறியான்னு திட்டு, பீடியை விடுன்னு திட்டு. சித்தப்பா பீடி பிடித்ததே இல்லை. பதினோரு வருசம் கழித்து, படிப்பு முடித்து வந்திருந்த ஒரு டாக்டரம்மா கேட்டாள்: "பெரியவரே, நீங்க என்ன வேலை பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"ஃபவுண்டரிம்மா."

"அங்க என்ன செய்வீங்க?"

அவர் சொன்னார். அந்தப் பெண் படத்தைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன்பிறகுதான் 'சிலிகோசிஸ்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ரெண்டு மாசத்தில் சித்தப்பா போய்விட்டார். பதினோரு வருசமாக அந்தக் கேள்விக்கு ஆன செலவு ஒரு நிமிஷம்தான்.

இந்தக் கேள்வி புதிதும் இல்லை. இத்தாலியில் ராமஸீனி என்ற மருத்துவர் 1700இலேயே ஒரு புத்தகம் போட்டார், தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி. நோயாளியிடம் கேட்கவேண்டிய பழைய கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். அவருக்கு அந்த எண்ணம் எப்படி வந்தது தெரியுமா? தன் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்தவன் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறான் என்று கேட்டிருக்கிறார். அதிக நேரம் உள்ளே இருந்தால் கண் போய்விடும் என்றானாம் அவன். தொழில்சார் மருத்துவம் என்ற துறையே மலக்குழிக்குள் இறங்கிய ஒருவனின் பதிலிலிருந்து தொடங்கியது. நம்முடைய மருத்துவக் கல்லூரிகளில் இதை யாராவது இப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்களா?

நோய் வேலை செய்கிற விதம் எளிது. மணலை, கல்லை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பொடி பறக்கிறது. பெரிய தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். மிக நுண்ணியது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். கிருமிகளைத் தின்னுகிற செல்கள் இந்தப் பொடியையும் தின்னப் பார்க்கின்றன. செரிக்க முடியாமல் செத்துப்போகின்றன. அவை செத்த இடத்தில் புண், புண் ஆறிய இடத்தில் நார்நாராகத் தழும்பு. தூசு வெளியேறாது, அடுத்த செல் வந்து தின்னும், அதுவும் சாகும். வேலையை விட்ட பிறகும் இது நிற்பதில்லை. இப்படி இறுகின நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. இந்த நுரையீரலில் டி.பி.யும் சுலபமாக ஏறும். ரெண்டும் சேர்ந்தால் ஒன்று மற்றதை மறைக்கும்.

மறைப்பது யாருக்கு லாபம்? டி.பி. என்றால் குற்றவாளி கிருமி. சிலிகோசிஸ் என்றால் குற்றவாளி முதலாளி. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிகோசிஸ் இருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாம். ஒரு சொல் மாறினால் பணம் மாறும். உருப்படிகளின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்வதை பிரிட்டன் 1949லேயே தடை செய்துவிட்டது. தண்ணீர் தெளித்து உடைப்பது, தூசை உறிஞ்சும் ஃபேன் போடுவது, மணலுக்குப் பதில் வேறு பொருள் என்று வழி எல்லாம் தெரிந்ததுதான்.

ஆராய்ச்சியையே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சேத்துப்பட்டு மையத்தில் 1956இல் தொடங்கி வாலஸ் ஃபாக்ஸும் நம்மூர் மருத்துவர்களும் செய்த வேலையை நான் கும்பிடுவேன். 193 டி.பி. நோயாளிகள். பாதிப்பேருக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. மீதிப்பேருக்கு நெரிசலான ஏழை வீட்டிலேயே மருந்து. ஒரு வருசத்தில் ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் அது வெளியானதும் உலகம் முழுக்க வைத்தியமுறை மாறியது. சென்னையின் ஏழை எங்கே படுக்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டதால் கிடைத்த விடை அது. எங்கே வேலை செய்கிறான் என்ற கேள்விதான் அனாதையாக நின்றது.

இப்போது கோலார் தங்கவயலுக்கு வாருங்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் முதலில் பதிவானது 1947இல், கோலார் தங்கச் சுரங்கத்தில் என்று சமூக மருத்துவப் பாடநூல் ஒரு வரி எழுதுகிறது. மாணவர்கள் மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த நுரையீரல் யாருடையது? வடாற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் போன நம் பாட்டன்களுடையது. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை நடத்தியவர்களுடையது. ஊரில் குனிந்தவன் அங்கே நிமிர்ந்தான், பத்திரிகை நடத்தினான், பாறையைக் குடைந்து பொடியைச் சுவாசித்தான். அதே சுரங்கத்தில் ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழே, 1965இல் விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். எதிலும் ஒட்டாமல் பூமியையே ஊடுருவிப்போகும் துகள். அதற்குக் கருவி வைத்தாயிற்று. நுரையீரலில் ஒட்டிக்கொண்டு போகவே போகாத துகளைச் சுமந்தவனின் சாதியை எந்தப் பாடநூலும் எழுதவில்லை. 2001இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

"தூசுக்குச் சாதி தெரியாது தோழர், இது வர்க்கப் பிரச்சினை" என்று ஒரு தொழிற்சங்க நண்பர் டீக்கடையில் சொன்னார். தூசுக்குத் தெரியாதுதான். ஆளெடுக்கிற மேஸ்திரிக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் 1930-31இல் ஒரு மலையைக் குடைந்தார்கள், மின்சாரத்துக்காக. ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம். குடையச் சொன்னது யூனியன் கார்பைடு. ஆமாம், 1984இல் போபாலில் கொன்ற அதே கம்பெனி. சிலிகா நிறைந்த பாறை, உலர்வாகவே துளைத்தார்கள். உள்ளே போனவர்களில் முக்கால்வாசி கறுப்பர்கள். இருமி விழுந்தவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்லவில்லை. வயலில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 1936இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தபோது 476 சாவு என்று கணக்கு வந்தது. மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் 1986இல் புத்தகம் எழுதினார். ஆள் பட்டியல்களையும் இறப்புப் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஊரைவிட்டுப் போய் எங்கோ செத்த கறுப்பர்களையும் மதிப்பிட்டுச் சேர்த்தார். 764 பேர். நிறத்தைக் கேட்டதால்தான் காணாமல்போன பிணங்கள் கணக்கில் வந்தன.

நம் நாட்டிலும் நல்ல வேலை நடக்கிறது. நுரையீரல் இறுகும் நோய்கள் பற்றி 1,084 நோயாளிகளைச் சேர்த்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. வீட்டில் என்ன இருக்கிறது, எதைச் சுவாசிக்கிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள். 47.3 சதவீதம் பேருக்கு, சுவாசித்த ஏதோ ஒன்றின் ஒவ்வாமையால் வந்த நோய். அதில் ஏர்கூலருக்குப் பெரிய பங்கு என்று கண்டார்கள். கேட்டால் காரணம் கிடைக்கிறது. ஆனால் ஏர்கூலர் உள்ளவர் அந்த மார்புநோய் நிபுணர் வரைக்கும் போவார். ஃபெட்லிங் ஆள் டி.பி. மாத்திரை வரிசையில் நிற்பார். அவரை யார் ஆய்வில் சேர்ப்பது? 'காரணம் தெரியாத நுரையீரல் இறுக்கம்' என்றே ஒரு நோய்க்குப் பெயர் இருக்கிறது. அதற்கு 2014இல் அமெரிக்கா ரெண்டு மருந்துகளை அனுமதித்தது. குணமாக்காது, வேகத்தைக் குறைக்கும். சரி. காரணம் தெரிந்த நோய்க்கு?

நம் மேலும் தப்பு இருக்கிறது. வெட்டிக் கொன்றால் போஸ்டர் ஒட்டுகிறோம், சாலையில் உட்காருகிறோம். பதினோரு வருசம் எடுத்துக்கொண்டு கொன்றால் பூ போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். சித்தப்பாவின் கம்பெனிச் சீட்டு ஒன்றைக்கூட எடுத்துவைக்கவில்லை. காண்ட்ராக்டரின் பெயர்கூட சித்திக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது.

ஒரு விசயம் மட்டும் மாறியிருக்கிறது. 2023இல் பிறப்பு இறப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். வைத்தியம் பார்த்த மருத்துவமனை, சாவுக்கான காரணத்தை எழுதி நெருங்கிய உறவினருக்கு இலவசமாக ஒரு நகல் தர வேண்டும். நம் தெருக்களில் இது யாருக்கும் தெரியாது. மருத்துவக் கல்லூரி விடுதிகளில் இருக்கும் நம் பிள்ளைகள் ரெண்டு வேலை செய்யலாம். வார்டில் வேலையைக் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், பிணம் வெளியே போகும் முன் அந்த நகலைக் கேட்டு வாங்கிக்கொடுங்கள். இயக்கத் தோழர்கள் குவாரிக்கும் ஃபவுண்டரிக்கும் போகிறவர்களின் பெயர், வேலை, வருசம், காண்ட்ராக்டர், தெரு எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும்போதே எழுதிவையுங்கள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். போன வாரம் பாஸ்புக்கோடு வந்த ஒரு அக்காவிடம் ஃபாரத்தை நிரப்பிக்கொடுத்துவிட்டு, "வீட்டுக்காரர் என்ன வேலைக்கா பாத்தாரு?" என்று கேட்டேன். பேங்க்ல இதெல்லாம் கேப்பாங்களா என்பதுபோல ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "கல்லு அறுக்குற மிஷின்லப்பா. எட்டு வருசம்" என்றார்.